நாலு மாசமா ஆப்ல எல்லாம் பச்சை, ரிப்போர்ட்ல மட்டும் சுகர் ஏறுது, எங்கங்க தப்பு?

திருப்பூர்_கணக்கன்:

வணக்கம்ங்க எல்லாத்துக்கும். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க. வயசு 38, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன், காலைல ஒம்பதரைக்கு சேர்ல உக்காந்தா டீக்கும் பாத்ரூமுக்கும் தவிர எந்திரிக்கறதில்ல. அப்பாவுக்கு 52 வயசுலயே சர்க்கரை வந்துருச்சு, அம்மாவுக்கு இல்ல. போன ஆயுத பூஜை சமயத்துல ஆபீஸ்ல ஒரு கேம்ப் போட்டாங்க, சும்மா கைய நீட்டுனேன், ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட், 5.9னு வந்துச்சு. பார்டர்ல இருக்கீங்க சார் பாத்துக்கங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுருச்சு.

நமக்குத்தான் நம்பர்னா கிறுக்காச்சே, ஒரு ரூவா டேலி ஆகலைன்னா தூக்கம் வராத ஆளு. அன்னிக்கு ராத்திரியே கலோரி ஆப் ஒண்ணு இறக்கிட்டேன், காசு கட்டியே எடுத்தேன். ஒரு நாளைக்கு 1600 கலோரின்னு அது சொல்லுச்சு. அன்னிலிருந்து 118 நாள், ஒரு நாள் விடாம என்ட்ரி போட்டிருக்கேன், பொங்கல் அன்னிக்கு சர்க்கரைப் பொங்கலக்கூட 1 ஸ்பூன்னு போட்டேன் (சரி, பெரிய ஸ்பூன்தான்). கைல வாட்ச், தினம் 8000 அடி. வீட்டுல அந்தக் கண்ணாடி வெயிட் மெஷின், ஏறி நின்னா கொழுப்பு தண்ணி எலும்பு உடம்பு வயசுன்னு பதினோரு நம்பர் சொல்லும். குளுக்கோமீட்டரும் வாங்கியாச்சு. நெட்ல ஒரு சுகர் ரிஸ்க் டெஸ்ட் இருக்கு பாருங்க, வயசு இடுப்பு நடை அப்பா அம்மான்னு நாலு கேள்வி, அதுல 50 மார்க், நடுத்தர ரிஸ்க். எடை 79ல இருந்து 76.4. ஆப் தினமும் சபாஷ்ங்குது, பச்சைக் கலர்ல வட்டம் சுத்துது.

போன வாரம் மறுபடி டெஸ்ட் எடுத்தேன். 6.1.

வீட்டுக்காரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு, போனுக்குத்தான் சுகர் கொறஞ்சிருக்கும் போலன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. ஒரு நாள் என்ட்ரி சாம்பிளுக்கு: காலைல இட்லி 4, சாம்பார் 1 கப், தேங்காச் சட்னி 1 ஸ்பூன். மதியம் சாதம் 1 கப், பொரியல், ரசம். சாயங்காலம் டீ. ராத்திரி தோசை 3. இதுல எங்க தப்பு? இல்ல நான் அளக்கறதே தப்பா? எத அளந்தா உண்மை தெரியும், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

சும்மாஒருத்தன்:

ப்ரோ, தோசை 3ன்னு போட்டிருக்கீங்க, மொத ரெண்டு தோசை கல்லு சூடாகறதுக்கு ஊத்துனதுன்னு கணக்குல வராதுல்ல. எங்க வீட்டு ரூல் அதான் 😄

---

கரண்டிமாமி:

சார், ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. நாளைக்குக் காலைல உங்க வீட்டு இட்லிய ஒண்ணு எடுத்து கிச்சன் தராசுல வச்சுப் பாருங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

நான் நியூட்ரிஷன் படிச்சவ, படிச்சு முடிச்ச புதுசுல ரெண்டு வருஷம் கிராமம் கிராமமா உணவு சர்வே வேலைக்குப் போனேன். நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கறவரைக்கும் வாயில என்ன போட்டீங்கன்னு கேட்டு எழுதறது, இருபத்திநாலு மணி நேரக் கணக்குன்னு சொல்லுவோம். கையில ஒரு செட்டு கிண்ணம் கரண்டி எடுத்துட்டுப் போவோம், ஒவ்வொண்ணும் எத்தனை மில்லி பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியும். "ஒரு கரண்டி குழம்பு"ன்னு அந்தம்மா சொன்னா, எந்தக் கரண்டிம்மா, எடுத்துட்டு வாங்கன்னு கேப்போம். வரும் பாருங்க ஒரு கரண்டி, கல்யாண வீட்டு சைஸ்ல! அதுல தண்ணி ஊத்தி எங்க கிண்ணத்துல மாத்தினா, நாங்க நினைச்சதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும்.

இன்னொண்ணு, மொத வாட்டி கேட்டா யாரும் முழுசா சொல்ல மாட்டாங்க, பொய் சொல்றாங்கன்னு இல்ல, ஞாபகம் வராது. ஒரு அண்ணன் காலைல ரெண்டு இட்லிதாம்மான்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். சரி, டீக்கடைக்குப் போனீங்களா? போனேன். யார்கூட? அவன்கூட. அவன் என்ன சாப்ட்டான்? வடை. நீங்க? ...ஆமா நானும் ஒண்ணு எடுத்தேன்ல! உங்க சாயங்கால டீ என்ட்ரில டீ மட்டும்தான் இருக்கு, அதான் கேக்கறேன், உங்க ஊர்ல சாயங்காலம் வெறும் டீ குடிக்கற கம்பெனி எது சார்?

இது உங்களுக்கு மட்டும் இல்ல, உலகம் பூரா இதே கதை. 1992ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துது, டயட் இருந்தும் எடை குறையலைன்னு சொன்னவங்கள வச்சு, குடிக்கற தண்ணியில ஒரு அடையாளம் கலந்து கொடுத்து உடம்பு நிஜமா எவ்வளவு செலவு பண்ணுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க டைரியில எழுதினது சாப்பிட்டதுல கிட்டத்தட்ட பாதிதான். உடற்பயிற்சியோ செஞ்சதுக்கு ஒன்றரை மடங்கா எழுதியிருந்தாங்க. அதுக்காக எழுதறதே வேஸ்டுன்னு நினைக்காதீங்க, தினம் எழுதறவங்களுக்குத்தான் எழுதாதவங்களவிட எடை அதிகம் குறையுதுன்னும் ஆய்வு இருக்கு, 2008ல வந்தது. எழுதறது கைய கட்டுப்படுத்தும், அவ்வளவுதான் அதோட வேலை. அதுல வர மொத்தத்த நம்பிக் கணக்கு முடிக்கக் கூடாது.

உங்க லிஸ்ட்ல எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது எண்ணெய். எங்கயுமே இல்ல! பொரியல்ல எண்ணெய் இல்லையா, தாளிப்பு இல்லையா, தோசைக்கு வார்க்கலையா? ஆப்ல யாரோ போட்டு வச்ச "தோசை"ல அவர் வீட்டு எண்ணெய்தான் இருக்கும், உங்க வீட்டு எண்ணெய் இருக்காது. ஆனா இதுக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கு, தனித்தனியா அளக்கவே வேணாம். மாசம் எத்தனை லிட்டர் வாங்கறீங்க, வீட்டுல எத்தனை பேர், சொல்லுங்க. அரிசியும் அப்படியே, வெந்த சாதத்த கப்ல அளக்காதீங்க, குக்கர்ல போடற அரிசிய எடை போட்டு ஆள் கணக்குக்கு வகுங்க. ஐதராபாத் என்ஐஎன் (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) காரங்க 2000 கலோரிக்குப் போட்ட தட்டுல ஒரு நாளைக்கு எண்ணெய் கொழுப்பு 27 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி கீரையோட சேத்து 400. இதெல்லாம் பச்சை எடை. உங்களுக்கு 1600தான்னா இன்னும் கம்மி.

(சொல்ல மறந்துட்டேன், அந்த என்ஐஎன் பொறந்ததே நம்ம குன்னூர்ல, 1918ல, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஒரே ஒரு ரூம்ல, பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்கு. 1958லதான் ஐதராபாத் போச்சு. உங்க ஊர்லேர்ந்து எட்டற தூரம்.)

---

மலைக்கோட்டை_நர்ஸ்:

அக்கா சாப்பாட்டப் பத்தி சொல்லிட்டாங்க, நான் மீட்டர் பக்கம் வரேன். அண்ணே, அந்த ரிஸ்க் டெஸ்ட்ல இடுப்பு எவ்வளவுன்னு போட்டீங்க?

---

திருப்பூர்_கணக்கன்:

34 இன்ச் போட்டேங்க, பேன்ட் சைஸ் அதான். 86 சென்டிமீட்டர்.

---

மலைக்கோட்டை_நர்ஸ்:

நினைச்சேன்! அண்ணே, பேன்ட்டு தொப்பைக்குக் கீழ இல்ல நிக்குது. தொப்பை வளர வளர பேன்ட் கீழ இறங்கும், சைஸ் மாறாது. எங்ககிட்ட வர ஆம்பளைங்க பாதிப் பேரு இதையேதான் சொல்லுவாங்க, காலேஜ்ல போட்ட அதே சைஸ் சிஸ்டர்னு பெருமையா வேற.

டெய்லர் டேப் எடுத்துக்கங்க. சட்டைய கழட்டுங்க. கடைசி விலா எலும்ப விரலால தொட்டுப் பாருங்க, அப்புறம் இடுப்பெலும்பு மேல் விளிம்பத் தொடுங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப் சுத்தணும், தரைக்கு நேரா இருக்கணும், இறுக்கக் கூடாது. சாதாரணமா மூச்சு விட்டு முடிக்கறப்ப படிக்கணும். வயித்த எக்காதீங்க, யாரும் போட்டோ எடுக்கல. ரெண்டு தடவ எடுங்க.

அந்த நாலு கேள்வி டெஸ்ட் சாதாரணமானது இல்லண்ணே, நம்ம ஆளுங்களுக்காகவே சென்னைல டாக்டர் மோகன் டீம் 2005ல போட்டது, ஐடிஆர்எஸ்ம்பாங்க, இந்தியன் டயபெடிஸ் ரிஸ்க் ஸ்கோர். வயசு 35லேர்ந்து 49க்கு 20, அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா 10, நடை மட்டும் உண்டு ஆனா உக்காந்த வேலைன்னா 20. இடுப்பு ஆம்பளைக்கு 90க்குக் கீழன்னா 0, 90லேர்ந்து 99 வரைக்கும் 10, 100ம் அதுக்கு மேலயும் 20. பொம்பளைக்கு இதே கணக்கு 80லயும் 90லயும் மாறும். மொத்தம் 60 வந்தா ஹை ரிஸ்க். நீங்க 50ல நிக்கறீங்க. டேப்ப சுத்திட்டு வந்து சொல்லுங்க. அந்த டெஸ்ட் எதுக்குன்னா ரத்தம் எடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண, நீங்கதான் ஏற்கனவே ரத்தமே எடுத்துட்டீங்களே, அதுக்கப்புறம் மார்க்க பாத்து ஆறுதல் தேடுறதுல பிரயோஜனம் இல்ல.

5.9, 6.1 ரெண்டுமே ஒரே பெட்டிதான், 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் சர்க்கரைக்கு முந்தின கட்டம், 6.5லேர்ந்து சர்க்கரை. ரெண்டும் ஒரே லேபா? வேற வேற லேப்னா 0.2 வித்தியாசத்துக்கு இவ்வளவு கலங்க வேணாம், மெஷின் மாறினாலே அந்தளவு ஆடும். ஆனா குறையலைங்கறது உண்மை, அத மறைக்கவும் வேணாம்.

குளுக்கோமீட்டரும் அப்படித்தான். நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் முன்னப்பின்ன காட்ட அனுமதி உண்டு. அதாவது நிஜம் 140ன்னா மீட்டர்ல 119ம் வரலாம் 161ம் வரலாம். நேத்து 128 இன்னிக்கு 137ன்னு உக்காந்து கவலப்படாதீங்க. கைய சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டுத்தான் குத்தணும், ஒரு அம்மா மாம்பழம் நறுக்கிட்டு அப்படியே வந்து குத்தி 290ன்னு பாத்துட்டு ஆட்டோ புடிச்சு எங்க வார்டுக்கே ஓடி வந்துட்டாங்க. கழுவிட்டு எடுத்தா 132. அழுதுட்டே சிரிச்சாங்க பாவம். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம்ங்கறது மொத வாய் வச்ச நேரத்துலேர்ந்து, கை கழுவின நேரத்துலேர்ந்து இல்ல. இது நெறைய பேரு தப்பாப் பண்றது.

---

பவானி_அம்மு:

நர்ஸ் அக்கா சொன்னதுக்கு ஒரு சின்ன சேர்ப்பு. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஹெச்பிஏ1சி 6.3ன்னு வந்து வீடே ஒப்பாரி, அரிசியவே நிறுத்தி சப்பாத்தி சப்பாத்தின்னு சாப்ட்டு வெறுத்துப் போனேன். ஆனா வீட்டு மீட்டர்ல வெறும் வயித்துல 90, 94 இப்படித்தான் வரும். ரெண்டும் சேரவே இல்ல. அப்புறம் ஒரு டாக்டரம்மா என் கண்ண இழுத்துப் பாத்துட்டு ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னாங்க, 8.9. ரத்தசோகை இருந்தா, அதுவும் இரும்புச்சத்து கம்மியால வந்ததுன்னா, இந்த டெஸ்ட் பொய்யா ஏத்திக் காட்டுமாம். சிவப்பணு மூணு நாலு மாசம் உயிரோட இருக்கும், அது மேல ஒட்டியிருக்கற சர்க்கரையத்தான் இந்த டெஸ்ட் அளக்குது, அணுவே சரியில்லன்னா கணக்கும் சரியா வராது. மாத்திரை சாப்ட்டு ரத்தம் ஏறுனதுக்கப்புறம் 5.8. பொண்ணுங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க, ஆம்பளைங்களும் ஒரு தடவ பாத்துக்கறது நல்லதுதான்.

---

தேவகோட்டை_ராஜி:

நான் வேற ஒண்ணு கேக்கணும், தனியா போடலாம்னு பாத்தேன், ஆனா எல்லாரும் இங்கயே இருக்கீங்க. என் பொண்ணு பிளஸ் டூ, 17 வயசு. இதே மாதிரி ஒரு ஆப் வச்சுக்கிட்டு தினமும் 1200 கலோரிதான்னு நிக்கிறா. ஆரம்பத்துல நல்ல பிள்ளைன்னு நானும் சந்தோஷப்பட்டேன். இப்ப என்னடான்னா அவங்க பாட்டி ஆசையா ஒரு அதிரசம் குடுத்தா, அதுக்கு எவ்வளவு கலோரின்னு போன்ல தேடுறா, கிடைக்கலைன்னா சாப்பிட மாட்டேங்கிறா. அன்னிக்கு கணக்குல 40 கலோரி கூடிருச்சுன்னு மொட்டை மாடில ராத்திரி பத்து மணிக்கு ஸ்கிப்பிங் ஆடுறா. பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்கும் போடற கணக்கு) 19தான், நார்மல்னு ஆப்பே சொல்லுது, ஆனா இன்னும் குறைக்கணும்ங்கிறா. ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல. இது சாதாரணம்தானா?

---

மலைக்கோட்டை_நர்ஸ்:

இல்லக்கா. தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மொதல்ல மகப்பேறு டாக்டரோ குழந்தைங்க டாக்டரோ யாரா இருந்தாலும் சரி, அவங்க தேவைன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அதுக்கும் தயங்காதீங்க. சாப்பாடு பத்தாம மாதவிலக்கு நிக்கறது உடம்பு குடுக்கற பெரிய எச்சரிக்கை, எலும்புக்கும் கெடுதல். 18 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு பெரியவங்களுக்கான பிஎம்ஐ கட்டமே பொருந்தாது, வயசுக்கு ஏத்த சார்ட் வேற. போன புடுங்காதீங்க, சண்டைதான் வரும். தட்டப் பாத்து கமென்ட் அடிக்காம கூட உக்காந்து சாப்பிடுங்க. வேணும்னா எனக்கு தனியா மெசேஜ் போடுங்கக்கா.

---

கரண்டிமாமி:

ராஜி, நர்ஸ் சொல்றதுதான். என் கிளாஸ்மேட் ஒருத்தி இப்படித்தான் ஆனா, அப்ப ஆப்லாம் கிடையாது, நாப்பது பக்க நோட்டு. நியூட்ரிஷன் படிக்கற பிள்ளைகளுக்கே இது வரும். சீக்கிரம் காட்டினா சரியாயிடும், அவ இப்ப ரெண்டு பிள்ளை பெத்து எங்களவிட நல்லா சாப்பிடறா.

---

ஜூரோங்_ஈஸ்ட்:

நான் சிங்கப்பூர்ல இருக்கேன் லா. இங்க கவர்ன்மென்ட்டே ஹெல்தி 365ன்னு ஆப் விட்டு நடந்தா பாயின்ட் குடுக்குது, பாயின்ட்ட வவுச்சரா மாத்தி கடைல சாமான் வாங்கிக்கலாம். எங்க புளோக்குல ஒரு அங்கிள் வாட்ச கைல கட்டிக்கிட்டு டிவி முன்னாடி கைய மட்டும் ஆட்டுவாரு, அடி ஏறும், வவுச்சர் வரும், சுகர் மட்டும் இறங்கல. அந்த 10,000 அடிங்கறதே டாக்டர் சொன்னது இல்ல, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற மெஷின் வித்தப்ப வச்ச பேரு, மான்போ கேய், பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். நடக்கறது நல்லதுதான், அந்த நம்பருக்கு மட்டும் பயபக்தி வேணாம்.

இங்க எனக்கு நெஜமா உதவுனது, சீனி எவ்வளவுன்னு காட்ட பானத்துல ஒட்டியிருக்கற ஏ பி சி டி கிரேடுதான். 2022 கடைசில டப்பா பானத்துக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் கடைல போடற டீ காப்பிக்கும் வந்துச்சு. டே, அதான் இங்கத்த பால் டீ, குடிக்கறப்ப ஒண்ணும் தெரியாது, போர்டுல அந்த எழுத்தப் பாத்ததும் வாய் தானா "டே ஓ கோசோங்"னு சொல்லிருச்சு, சீனியும் பாலும் இல்லாதது. ஒரு நாளைக்கு மூணு கிளாஸ் குடிக்கற ஆளுக்கு அது பெரிய விஷயம். கணக்கு எழுதல, ஒண்ணும் எழுதல.

---

திருப்பூர்_கணக்கன்:

எல்லாரும் சொன்னதச் செஞ்சு பாத்துட்டு வரேன்னு ரெண்டு நாள் காணாம இருந்தேன். மானம் போற விஷயங்கள வரிசையா சொல்றேன்.

இட்லி. ஆப்ல ஒரு இட்லி 39 கிராம். எங்கம்மா ஊத்தற இட்லி 62 கிராம். சத்தியமா மூணு இட்லிய வச்சுப் பாத்தேன், 61, 62, 64. அப்ப நாலு இட்லின்னு நான் நாலு மாசமா எழுதினது ஆப் கணக்குல ஆறே கால் இட்லிக்கும் மேல. அம்மாகிட்ட சொன்னா, உங்கப்பன் காலத்துலேர்ந்து இதே தட்டுதான், இப்ப வந்து இட்லிய குத்தம் சொல்றயான்னு ஒரே கோவம்.

டேப். மூச்சு விட்டுட்டு நர்ஸம்மா சொன்ன இடத்துல வச்சேன். 95. மறுபடி வச்சேன், 95.5. ஸ்கோர் 60, ஹை ரிஸ்க். 34 சைஸ் பேன்ட்ட அப்படியே பாத்துட்டு நின்னேன்ங்க, அது எங்க நிக்குதுன்னு அன்னிக்குத்தான் பாக்கறேன்.

எடை. இதுதான் பெரிய கொடுமை, இத யாரும் கேக்கவே இல்ல, நானாக் கண்டுபுடிச்சேன். 79ங்கறது கேம்ப்ல எடுத்தது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஷூவோட, பாக்கெட்ல போனு, பைக் சாவி, ஆபீஸ் சாவிக்கொத்து. 76.4 எடுத்தது வீட்டுல, காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, வெறும் ஷார்ட்ஸோட. நேத்து மதியம் அதே மாதிரி ஷூ சாவி எல்லாத்தோட ஏறி நின்னேன், 78.3. ரெண்டரை கிலோ குறைச்சேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன், குறைச்சது முக்கா கிலோ. ஓப்பனிங் பேலன்ஸே தப்பா எடுத்துட்டு மேல மேல கணக்கு எழுதியிருக்கேன். புதுசா வேலைக்கு வந்த பையன் இப்படிப் பண்ணா நான் என்ன திட்டு திட்டுவேன்!

அப்புறம் மாமி கேட்ட எண்ணெய். கடலெண்ணெய், செக்குல ஆட்டுனது, 5 லிட்டர் டின். வீட்டுல நாலு பேர், அதுல பையன் ரெண்டாவது படிக்கறான். மளிகை பில்லெல்லாம் எடுத்துப் பாத்தேன், ஒரு டின் 33 நாள் வருது. வகுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 மில்லி, கிட்டத்தட்ட 34 கிராம், முந்நூறு கலோரிக்கு மேல. பையன் அவ்வளவு சாப்பிட மாட்டான், அப்ப எம்பங்கு இன்னும் கூட. நான் ஆப்ல எண்ணெய்னு போட்டது தோசைக்கு ரெண்டு ஸ்பூன், சில நாள் அதுவும் இல்ல.

இதுல எனக்கு ஒண்ணு உறைச்சுது. நான் இத்தன நாள் பண்ணது ஞாபகத்துல வவுச்சர், அதான் செலவுச் சீட்டு, எழுதறது. எண்ணெய் டின்ன பாக்கறது ஸ்டாக் எடுக்கறது. ஓப்பனிங் ஸ்டாக், கூட்டு வாங்குனது, கழி க்ளோசிங் ஸ்டாக், மீதி எங்க போச்சு, வயித்துக்குள்ளதான். வவுச்சர்ல எவன் வேணா எது வேணா எழுதலாம், கோடவுன்ல போய் எண்ணுனா பொய் சொல்ல முடியாதுல்லங்க.

டீ விஷயம் கேட்டீங்கல்ல மாமி. சாயங்காலம் ஆபீஸ்ல பஜ்ஜி வாங்குவாங்க. நான் வாங்கறதில்ல. பக்கத்து சீட்டுக்காரரு தட்டுலேர்ந்து எடுப்பேன். அது எங்கணக்குல வராதுன்னு மனசுக்குள்ள ஒரு நினைப்பு.

லேபும் வேற வேறதாங்க. ஹீமோகுளோபின் 14.2, அது பரவால்ல.

---

சும்மாஒருத்தன்:

அடுத்தவன் தட்டுல எடுத்தா அவன் கணக்குலதான ப்ரோ வரும், இன்டர்நேஷனல் ரூல் 😄 அந்த ஆளு எந்த ஃபோரத்துல "நான் ஒண்ணுமே சாப்பிடல, சுகர் ஏன் ஏறல"ன்னு கேட்டுட்டு இருக்காரோ.

---

மலைக்கோட்டை_நர்ஸ்:

சிரிச்சு முடியல அண்ணே. சரி, சீரியஸா. உங்க உயரம் எவ்வளவு? 168ன்னு வைங்க, பிஎம்ஐ 27 வரும். ஆப் அத "கொஞ்சம் அதிகம்"னு மஞ்சள்ல காட்டும், ஏன்னா அது வெள்ளைக்காரங்க கணக்கு, 30க்கு மேலதான் பருமன். நம்மளுக்கு 23 தாண்டினாலே அதிகம், 25 தாண்டினா பருமன். ஒல்லிக் கை ஒல்லிக் கால், வயிறு மட்டும் முன்னால, அதான் நம்ம ஊர் பாடி. அதனாலதான் எடையவிட டேப்ப நம்புங்கன்னு சொல்றது.

அந்தப் பதினோரு நம்பர் மெஷின்ல எடைய மட்டும் பாருங்க. மீதியெல்லாம் பாதத்து வழியா கரன்ட் விட்டு ஊகிக்கறது, தண்ணி குடிச்சா மாறும், குளிச்ச கால்ல நின்னா மாறும். எலும்பு எடையெல்லாம் சும்மா.

ஒரு டாக்டர போய்ப் பாத்துருங்க. இந்தக் கட்டத்துல பல பேருக்கு மாத்திரையே தேவைப்படாது, ஆனா அத நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. காசு யோசிக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசுக்கு மேல யாரு போனாலும் பிரஷரும் சுகரும் ஃப்ரீயா பாப்பாங்க, உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்கு இல்லன்னு சொன்னீங்களே, டெஸ்ட் எடுத்து இல்லையா, எடுக்காததால இல்லையா?

---

திருப்பூர்_கணக்கன்:

...எடுத்ததே இல்லைங்க. 168தான், எப்படிங்க கரெக்டா சொன்னீங்க.

---

திருப்பூர்_கணக்கன் (மூணு வாரம் கழிச்சு):

அப்டேட் கேட்டு ரெண்டு பேரு மெசேஜ் போட்டிருந்தீங்க, அதான்.

ஆப்ப எடுத்துட்டேன். ஸ்ட்ரீக், அதான் விடாம என்ட்ரி போட்ட நாள் கணக்கு, போறப்ப கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அழியப் போகுது நிச்சயமான்னு மூணு தடவ கேக்குது. இப்ப ஃப்ரிட்ஜ் மேல ஒரு காலண்டர் அட்டை. ஞாயித்துக்கிழமை காலைல எடையும் இடுப்பும், ரெண்டே நம்பர். எண்ணெய் டின்ல மார்க்கர்ல தேதி எழுதி, பக்கத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். வீட்டுக்காரம்மா மொதல்ல, எண்ணெய்க்குக்கூட ஆடிட்டான்னு முறைச்சாங்க, இப்ப அவங்களே கோட்டப் பாத்து ஊத்தறாங்க. 21 நாள் ஆச்சு, பழைய கணக்குப்படி 3.2 லிட்டர் காலியாகியிருக்கணும், ஆனது 2.5. அம்மா இட்லித் தட்ட மாத்த மாட்டேன்னுட்டாங்க, அதனால நான் மூணோட எந்திரிச்சுக்கறேன், கூட ரெண்டு கரண்டி சாம்பார், காயோட.

வாரத்துல ரெண்டு நாள் மட்டும் மீட்டர், ஒரே சாப்பாடு, ஒரே நேரம், புதன் மதியம் சனி மதியம். முழுச் சாதத்துக்கு 168, 171. அரைச் சாதம், பொரியல் ரெட்டிப்பு, சாப்ட்டுட்டு கால் மணி நேரம் நடை, 139, 144. மீட்டர் 15 சதவீதம் பொய் சொல்லும்னு தெரியும், ஆனா நாலு தடவயும் ஒரே பக்கமாப் பொய் சொல்லாதுல்ல. இடுப்பு 94. ஒரு சென்டிமீட்டர்தான், டேப் தப்பாவும் இருக்கலாம். டாக்டரப் பாத்தாச்சு, இப்போதைக்கு மாத்திரை வேணாம், மே மாசம் அதே லேப்ல டெஸ்ட் எடுத்துட்டு வான்னுட்டாரு.

அம்மாவுக்கு எடுத்தோம். சாப்பாட்டுக்கு முன்னாடி 148. மறுபடி எடுத்தோம், 151. இப்ப மாத்திரை சாப்பிடறாங்க. ஒருத்தருக்குப் போட்ட 10 மார்க் 20 ஆயிருச்சு, என் ஸ்கோர் 70.

மாமி, ஒரு சந்தேகம். எண்ணெய்க்கு டின் இருக்கு, தேங்காய்க்கு என்ன பண்றது? எங்க வீட்டுல சட்னி, குழம்பு, பொரியல் எல்லாத்துலயும் விழுது.

---

கரண்டிமாமி:

உடைச்ச சிரட்டைய வெளியில போடாம கொல்லைப்புறத்துல ஒரு மாசம் சேத்து வைங்க சார். மாசக் கடைசில எண்ணிட்டு வாங்க.